பாதி நினைவிருக்கும் கதையிலிருந்து தொடங்குங்கள்: மரபுக் கதைகளைத் தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

"எங்க ஆளுங்களோட கதைகளை எங்க போய்த் தேடுறது?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, தேடுபொறியில் தங்கள் இனத்தின் பெயரையோ மொழியின் பெயரையோ தட்டி, பக்கத்தில் 'நாட்டுப்புறக் கதைகள்' என்று சேர்ப்பதுதான். வந்து விழுவது என்னவென்றால், படம் நிறைந்த சிறுவர் புத்தகம் இரண்டு, அதே பத்துக் கதைகளைத் திருப்பித் திருப்பிப் போடும் தளங்கள் நான்கு. 'இவ்வளவுதான் போல' என்று ஆசாமி கடையைக் கட்டிவிடுவார். நானும் அப்படிக் கட்டியவன்தான்.

அப்போது என் கையில் இருந்தது ஒரே ஒரு துணுக்கு. பூப்பறிக்க வரும் ஒருத்தியைப் பார்த்து ஒரு செடி 'என்னைத் தொடாதே' என்று பாடும். அந்தச் செடி யார், ஏன் பாடியது, கதை எப்படி முடிந்தது, எதுவும் நினைவில் இல்லை. மரபு முழுவதையும் தேடியபோது கிடைக்காதது, அந்தச் செடி ஒன்றை மட்டும் தேடப் போனபோது கிடைக்கத் தொடங்கியது. ஆகவே இந்த வழிகாட்டியின் ஒழுங்கும் அதுதான்: சின்னதாகப் பிடித்து, அதன் வாலைப் பற்றிக்கொண்டு போவது.

1. துணுக்கை எழுதி வையுங்கள்

ஒரு தாளை எடுத்து, நினைவில் கிடப்பதையெல்லாம் கொட்டுங்கள். பாதிக் கதை, ஒரு வரிப் பாட்டு, விடை மறந்த விடுகதை, பயமுறுத்தச் சொன்ன பேயின் பெயர், உங்கள் வீட்டில் மட்டும் புழங்கிய ஒரு சொலவடை. அழகாக எழுத வேண்டியதில்லை. ஆனால் நான்கு விவரம் கட்டாயம்: சொன்னது யார், எந்த மொழியில், எந்த வேளையில், எதற்காக. தூங்க வைக்கச் சொன்னதா, வாயை அடைக்கச் சொன்னதா, பக்கத்தில் இருந்த இன்னொருவரைக் குத்திக் காட்டச் சொன்னதா என்பது கதையின் இனத்தையே மாற்றும்.

பொருள் தெரியாத சொல் ஒன்று நினைவில் இருந்தால், திருத்தாமல் காதில் கேட்டபடியே எழுதுங்கள். பல நேரங்களில் அதுதான் நல்ல துப்பு. குடும்பம் எப்போதோ பேசி விட்டுவிட்ட மொழி, கடந்து வந்த வட்டாரம் எல்லாம் அப்படிப்பட்ட சொற்களில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

தொடக்க வரியும் முடிவு வரியும் இன்னும் முக்கியம். துருக்கிக் கதை 'ஒருத்தர் இருந்தாராம், ஒருத்தர் இல்லையாம்' என்ற வகையில் ஆரம்பிக்கும். ஆர்மீனியக் கதை வானத்திலிருந்து மூன்று ஆப்பிள் விழுந்ததாகச் சொல்லி முடியும். கதையின் நடுப்பகுதி நாடு விட்டு நாடு போகும், இந்த ஓர வரிகள் அவ்வளவு எளிதில் இடம் மாறுவதில்லை. ஆகவே 'கதையும் முடிஞ்சுது' என்பது போல உங்கள் வீட்டில் ஏதாவது வாய்பாடு இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே தாளின் பின்பக்கத்தில், இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்களின் பெயர்களை எழுதுங்கள். அவர்களிடம் எப்படிக் கேட்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் எழுபது வயதைத் தாண்டியவர் யாராவது அந்தப் பட்டியலில் இருந்தால், மீதியைப் படிப்பதற்கு முன்பே ஒரு போன் போட்டுவிடுங்கள்.

2. உங்கள் மரபுக்கு எத்தனை பெயர்?

'மரபு' என்பது ஒற்றைப் பெயராக இருக்காது. மொழி, வட்டாரம், சமயம், தொழில், குடிபெயர்ந்த பாதை என்று குறைந்தது ஐந்து இழை இருக்கும். ஐந்தையும் தனித்தனியே தேட வேண்டும். ஜமைக்காவில் சொல்லப்படும் அனான்சி என்ற சிலந்தியின் கதைகள் மேற்கு ஆப்பிரிக்காவின் அக்கான் மக்களிடமிருந்து அடிமைக் கப்பல்களில் போனவை. ஜமைக்காக்காரர் ஒருவர் தன் தீவின் தொகுப்புகளோடு நின்றுவிட்டால் பாதிதான் கிடைக்கும். அக்கான் மக்களில் ஒரு பிரிவினரான அசாந்தியரின் கதைகளை ராட்ரே என்ற ஆய்வாளர் 1930இல் வெளியிட்ட தொகுப்பையும் எடுத்துப் பார்த்தால்தான் சிலந்தி கடலைத் தாண்டியதில் எதை இழந்தது, எதைச் சேர்த்துக்கொண்டது என்று தெரியும்.

அடுத்தது பழைய பெயர்கள். இதில்தான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். நூறு ஆண்டுக்கு முந்தைய நூலில் உங்கள் மக்கள் இன்றைய பெயரில் இருக்க மாட்டார்கள். சாமி மக்கள் 'லாப்' என்றும், இனுயிட் 'எஸ்கிமோ' என்றும், சான் மக்கள் 'புஷ்மன்' என்றும், கோய்கோய் 'ஹாட்டன்டாட்' என்றும் பதிவாகியிருப்பார்கள். தமிழுக்கே அந்த நிலைமைதான். பதினாறாம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பியர் பலர் தமிழை 'மலபார்' மொழி என்றே எழுதினார்கள். தமிழ் என்று மட்டும் தேடினால் அந்தக் காலத்துத் தாள்கள் உங்கள் வலையில் விழாது. இவற்றில் சில இழிபெயர்கள், தட்டச்சு செய்யவே கை கூசும். ஆனால் நூலகப் பட்டியலின் பூட்டு அந்தச் சாவிக்குத்தான் திறக்கிறது.

ஊர்ப் பெயர்களுக்கும் ஆறுகளுக்கும் இதே போல ஒரு பட்டியல் போடுங்கள். அந்த இடத்தை ஆட்சி செய்தது யார் என்பதைப் பொறுத்து எழுத்துக்கூட்டல் மாறும். ஜெர்மன் பாதிரியார் காதில் விழுந்த ஒலி வேறு, பிரெஞ்சு அதிகாரி எழுதியது வேறு. பத்துப் பதினைந்து வடிவங்கள் தேறினால் நல்ல பட்டியல்.

3. கதைக்கு ஒரு எண் உண்டு

நாட்டார் கதை ஆய்வாளர்கள் உலகக் கதைகளை வகை பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். பின்லாந்தின் ஆன்ட்டி ஆர்னே 1910இல் தொடங்கினார். அமெரிக்கரான ஸ்டித் தாம்ப்சன் 1928இலும் 1961இலும் விரித்தார். ஜெர்மனியின் ஹான்ஸ்-யோர்க் உத்தர் 2004இல் திருத்தி அமைத்தார். மூவர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து 'ஏடியு எண்' என்பார்கள். சிண்ட்ரெல்லா வகை 510ஏ. சிவப்புக் குல்லாய்ச் சிறுமி 333.

இதோடு தாம்ப்சன் இன்னொரு அகராதியும் செய்தார், 1932 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக. அது முழுக் கதைகளை விட்டுவிட்டு, கதைக்கூறுகளை மட்டும் அடுக்குகிறது. பி (B) என்றால் விலங்குகள், டி (D) என்றால் மாயம், இ (E) என்றால் இறந்தவர்கள், ஜி (G) என்றால் அரக்கர்கள், கே (K) என்றால் ஏமாற்று வித்தைகள். பாதிக் கதை மட்டுமே கையில் உள்ளவர்களுக்கு இதுதான் உதவும், ஏனென்றால் நமக்கு நினைவில் நிற்பது எப்போதும் ஒரு கூறுதான்.

என் பாடும் செடி இ631இல் இருந்தது: கல்லறையில் முளைத்த செடியாக மறுபிறப்பு. அங்கிருந்து வகை எண் 780க்கு வந்தேன். 'பாடும் எலும்பு' என்று அதற்குப் பெயர். ஒருவர் கொல்லப்படுவார், புதைக்கப்படுவார். அவர் எலும்பிலிருந்து செய்த குழலோ, புதைத்த இடத்தில் முளைத்த மரமோ வாய் திறந்து கொலையைச் சொல்லும். கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் அது 28ஆம் கதை. அதில் அண்ணன் தம்பியைக் கொல்கிறான், ஆட்டிடையன் எலும்பைக் கொம்புக்கு ஊதுவாயாக வைக்கிறான். பிரான்சிஸ் சைல்டு திரட்டிய 305 ஆங்கில, ஸ்காட்டியக் கதைப்பாடல்களில் அது 10ஆம் எண். அங்கே அக்கா தங்கையைத் தண்ணீரில் தள்ளுகிறாள், அவள் உடலிலிருந்து ஒரு யாழ் செய்யப்படுகிறது.

முதலில் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. 'எங்கள் கதை' என்று நினைத்தது ஊர் உலகத்துக்கெல்லாம் சொந்தமாக இருக்கிறதே என்று. பிறகு உறைத்தது: யார் யாரைக் கொல்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. எதற்காக, எந்த உறவுக்குள், இறந்தவள் எதுவாக முளைக்கிறாள், கடைசியில் உயிர் பெறுகிறாளா இல்லையா. கதையின் எலும்பு எல்லோருக்கும் பொது. உங்கள் மக்களின் கை அதன் சதையில் தெரியும். ஆகவே தேட வேண்டியது 'எங்களிடம் மட்டும் உள்ள கதை' என்று எதையும் அல்ல, அப்படி ஒன்று அநேகமாகக் கிடைக்காது.

வட்டார அட்டவணைகளும் உள்ளன. இந்தியத் துணைக்கண்டக் கதை வகைகளைத் தாம்ப்சனும் வாரன் ராபர்ட்சும் 1960இல் தொகுத்தார்கள். ஜப்பானுக்கு இக்கேடா 1971இல், சீனாவுக்கு டிங் நய்-துங் 1978இல், அரபு உலகுக்கு ஹசன் எல்-ஷாமி 2004இல். ஒரு வகை எண்ணின் கீழே எந்த நூலில், எந்தப் பக்கத்தில் அந்தக் கதை உள்ளது என்ற குறிப்பு இருக்கும். தேடுபவருக்குத் தேவையான பொன் அந்தக் குறிப்புதான், எண்ணே அல்ல.

ஒரு எச்சரிக்கை. இந்த எண்முறை ஐரோப்பியக் கதைகளை வைத்துக் கட்டியது. ஆப்பிரிக்கா, பழங்குடி அமெரிக்கா, பசிபிக் தீவுகளின் கதைகள் பல இதற்குள் அடங்கா. எண் கிடைக்கவில்லை என்றால் கதை இல்லை என்று எண்ண வேண்டாம். கூறுகளின் அட்டவணையோடு நிறுத்திக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

4. கதைகள் ஒளிந்திருக்கும் இடங்கள்

'கதைத் தொகுப்பு' என்று அட்டையில் எழுதியிருக்கும் நூல்கள் கொஞ்சம்தான். மீதி வேறு வேடத்தில் இருக்கும்.

முதல் வேடம் இலக்கணம். ஒரு மொழியை எழுதப் போன மொழியியலாளருக்குப் பேச்சு மாதிரி வேண்டும், அதற்குக் கதை சொல்லச் சொல்வதுதான் எளிது. ஆகவே சிறுமொழிகளின் இலக்கண நூல்களில் கடைசி முப்பது நாற்பது பக்கங்களைப் புரட்டுங்கள். மூலமும் வரிக்கு வரி மொழிபெயர்ப்புமாகக் கதைகள் கிடக்கும். மொழியியலாளர் கிரியர்சன் நடத்திய இந்திய மொழியியல் கணக்கெடுப்பு 1903 முதல் 1928 வரை வெளிவந்தது. அதில் ஒவ்வொரு மொழிக்கும் வட்டார வழக்குக்கும் பைபிளின் ஊதாரி மகன் கதையை மொழிபெயர்த்துக் கேட்டிருப்பார்கள். அதைத் தாண்டிப் பல இடங்களில் இரண்டாவது மாதிரியாக ஓர் உள்ளூர்க் கதையோ பாட்டோ இருக்கும். சென்னை மாகாணமும் மைசூர், ஐதராபாத் சமஸ்தானங்களும் அந்தக் கணக்கெடுப்பில் சேரவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாத இடத்தில் தேடி ஒரு வாரத்தைத் தொலைக்க வேண்டாம்.

இரண்டாவது வேடம் பழைய ஆய்விதழ்கள். 1872இல் தொடங்கிய 'இந்தியன் ஆன்டிகுவரி', 1878இல் லண்டனில் அமைந்த நாட்டார் வழக்காற்றுச் சங்கத்தின் இதழ்கள், 1888 முதல் வரும் அமெரிக்க நாட்டார் வழக்காற்று இதழ் ஆகியவற்றின் பழைய தொகுதிகள் இணைய ஆவணகத்தில், அதாவது இன்டர்நெட் ஆர்க்கைவில், இலவசமாகக் கிடைக்கின்றன. உள்ளடக்கத்தை மட்டும் பார்த்து விடாமல், கடைசியில் உள்ள பொருளடைவில் உங்கள் பட்டியலின் பழைய பெயர்களைத் தேடுங்கள்.

மூன்றாவது, கையெழுத்து ஆவணங்கள். அயர்லாந்தில் 1937 முதல் 1939 வரை, ஏறக்குறைய 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகளை வீட்டுப் பெரியவர்களிடம் கதை கேட்டு எழுதி வரச் சொன்னார்கள். அந்த நோட்டுப் புத்தகங்கள் இன்று 'தூகஸ்' என்ற தளத்தில் பள்ளி வாரியாகப் பார்க்கக் கிடைக்கின்றன. தன் பாட்டி எழுதிய பக்கத்தையே அங்கே கண்டுபிடிக்கிறவர்கள் உண்டு. எஸ்தோனியாவின் நாட்டார் ஆவணகம் 1927இல் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவில் 1870களில் பிளீக் என்பவரும், அவர் 1875இல் இறந்த பின் லூசி லாய்டும், சாம் மொழி பேசிய மக்களிடமிருந்து எழுதிக்கொண்ட பக்கங்கள் 12,000க்கு மேல். அந்த மொழியைப் பேச இன்று யாரும் இல்லை. அந்தக் குறிப்பேடுகள் இருக்கின்றன, இணையத்திலும் இருக்கின்றன.

நான்காவது ஒலி. இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட வீரர்களிடம் 1915 முதல் 1918 வரை அவரவர் மொழியில் கதையும் பாட்டும் சொல்லச் சொல்லி இசைத்தட்டில் பதிந்தார்கள். இந்தியா, ஆப்பிரிக்கா, காக்கசஸ் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலி ஆவணகத்தில் அவை உள்ளன. கைதியின் வாயிலிருந்து பிடுங்கிய கதை என்ற உறுத்தலோடுதான் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் அந்தத் தலைமுறையின் குரல் வேறெங்கும் இல்லை. பசிபிக் பகுதி மொழிகளுக்கு ஆஸ்திரேலியாவில் 2003இல் தொடங்கிய பாரடைசெக் என்ற ஆவணகம், அழிவின் விளிம்பில் உள்ள ஆவணங்களுக்கு பிரிட்டிஷ் நூலகத்தின் 2004ஆம் ஆண்டுத் திட்டம் ஆகியவற்றையும் பாருங்கள்.

தமிழில் தேடுபவர்களுக்கு, தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005இல் தொடங்கிய நூலகம் தளம், பழைய அச்சு நூல்களுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். ஆனால் வீட்டுமொழி தமிழாக இல்லாத எத்தனையோ பேர் தமிழில் படிக்கிறார்கள். அவர்கள் தங்கள் கதையைத் தமிழ்த் தளங்களில் மட்டும் தேடிவிட்டு 'இல்லை' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. படிக்கும் மொழி வேறு, கதை பதிவான மொழி வேறு.

புத்தகத்தின் பெயர் தெரிந்தும் பிரதி கிடைக்காவிட்டால் வேர்ல்டுகேட் என்ற உலக நூலகப் பட்டியலில் எந்த நூலகத்தில் உள்ளது என்று பாருங்கள். பல நூலகங்கள் தங்களுக்குள் புத்தகத்தை இரவல் வாங்கித் தரும், சில குறிப்பிட்ட பக்கங்களை நகலெடுத்து அனுப்பும். நூலகரிடம் 'நாட்டுப்புறக் கதை வேண்டும்' என்று கேட்காதீர்கள். 'இந்த நூலின் இந்தத் தொகுதியில் இந்தப் பக்கம்' என்று கேளுங்கள். கேள்வி கூர்மையாக இருந்தால் நூலகர்கள் உங்களுக்காக மலையைப் புரட்டுவார்கள்.

5. கதைக்கு முன்னால் முன்னுரை

கையில் தொகுப்பு வந்ததும் நேரே கதைக்குள் பாயாதீர்கள். முன்னுரையையும் பின்குறிப்பையும் படியுங்கள். சொன்னவர் பெயர் உண்டா? ஊர்? ஆண்டு? தொகுத்தவருக்கு அந்த மொழி தெரியுமா, நடுவில் துபாஷி இருந்தாரா? எதை வெட்டினார்? பழைய தொகுப்பாளர்கள் சிலர் கொச்சையான பகுதிகளை லத்தீனில் எழுதி மறைத்திருக்கிறார்கள். பக்கத்தின் நடுவில் திடீரென்று லத்தீன் வந்தால், கதை அங்கேதான் சூடு பிடிக்கிறது என்று அர்த்தம்.

கிரிம் சகோதரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணின் குரல் என்று பேர் வாங்கிய தொகுப்பு. முதல் பதிப்பு 1812, அவர்கள் கைப்பட்ட கடைசிப் பதிப்பு 1857. ஹான்சல், கிரெட்டல் என்ற அண்ணன் தங்கை கதையில், காட்டில் பிள்ளைகளை விட்டுவரச் சொல்பவள் முதலில் பெற்ற தாய், பிந்தைய பதிப்புகளில் மாற்றாந்தாய். தாய் அப்படிச் செய்யலாமா என்ற கூச்சம் கதையைத் திருத்திவிட்டது. கதை சொன்னவர்களிலும் சிலர் பிரான்சிலிருந்து குடியேறிய குடும்பங்களின் வழிவந்தவர்கள். பின்லாந்தின் காவியமான 'கலேவலா'வும் அப்படித்தான். லொன்ரோட் என்பவர் பல பாடகர்களிடம் கேட்ட பாடல்களைத் தைத்து 1835இல் ஒரு காவியம் ஆக்கினார், 1849இல் அதைப் பெரிதாக்கினார். அந்தப் பாடல்கள் பல கிடைத்த கரேலியா வட்டாரத்துப் பாட்டனின் பாட்டைத் தேடுபவர் காவியத்தோடு நின்றால், தையல்காரரின் கைவண்ணம்தான் கிடைக்கும். வெட்டாத துணி வேறு இடத்தில் இருக்கிறது. 1908 முதல் 1948 வரை 33 நூல்களாக வெளிவந்த பழம்பாடல் தொகுதியில், பாடியவர் பெயரும் ஊரும் போட்டு அச்சாகியிருக்கிறது.

ஆயிரத்தொரு இரவுகளில் மிகப் பிரபலமான அலாவுதீன் கதை, பழைய அரபுக் கைப்பிரதிகளில் இல்லை. 1709இல் அலெப்போவிலிருந்து பாரிசுக்கு வந்திருந்த ஹன்னா தியாப் என்ற இளைஞர், அந்தக் கதைகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த கலானிடம் வாய்மொழியாகச் சொன்னது. இதைக் கேட்டு 'அப்போ போலியா?' என்று கேட்பார்கள். இல்லை. ஒரு சிரியரின் வாயிலிருந்து வந்த கதைதான். யார் வாய், எந்த ஆண்டு என்பது தெரிந்துவிட்டதால், எனக்கு அது முன்பைவிட நெருக்கமாகத்தான் தோன்றுகிறது.

யார் கேட்டார்கள் என்பதும் கதையை மாற்றும். அமெரிக்காவில் 1936 முதல் 1938 வரை, அடிமையாக இருந்து விடுதலையானவர்களிடம் 2,300க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் திரட்டப்பட்டன, காங்கிரஸ் நூலகத்தில் முழுதும் படிக்கலாம். கேட்கப் போனவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். வயதான கறுப்பினப் பெண்மணி, தன் முன்னாள் எஜமானர்களின் இனத்தவரிடம் எதைச் சொல்வார், எதை விழுங்குவார் என்று யோசித்துக்கொண்டே படிக்க வேண்டும்.

6. போலிகள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊர், சொன்னவர், தொகுத்தவர், மூல நூல் என்று எதுவும் இல்லாமல் 'பண்டைய பழங்குடிக் கதை' என்று மட்டும் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். மனதுக்குள் சண்டையிடும் இரண்டு ஓநாய்களைப் பற்றிச் செரோக்கீ தாத்தா பேரனுக்குச் சொன்னதாக ஒரு கதை உலகமெங்கும் சுற்றுகிறது. 1978இல் அமெரிக்கப் போதகர் ஒருவரின் சமய நூலில் அதே சரக்கு, எஸ்கிமோ மீனவர், இரண்டு நாய்கள் என்ற உருவில் வருகிறது. இப்படிச் செய்யப்படும் கதைகளுக்கு ரிச்சர்ட் டார்சன் என்ற அமெரிக்க நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் 1950இலேயே 'போலி வழக்காறு' என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்தார். இப்போது எந்திரம் எழுதித் தள்ளும் 'நூறு கதைகள்' புத்தகங்கள் வேறு சேர்ந்துவிட்டன. ஒரே சோதனை போதும்: நீதி கதையைவிட நீளமாக இருக்கிறதா? வாய்மொழிக் கதைகள் அவ்வளவு நல்லபிள்ளைகள் அல்ல.

7. இன்று எழுதுபவர்கள்

நாட்டார் கதையோடு நின்றுவிட்டால் உங்கள் மரபை அருங்காட்சியகத்தில் பூட்டிவைத்ததாகிவிடும். இன்று அந்த மொழியில், அந்த மண்ணிலிருந்து எழுதுபவர்களைத் தேட எனக்குத் தெரிந்த நல்ல குறுக்குவழி மொழிபெயர்ப்பாளர்தான். பிடித்த ஒரு நூலின் மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பிடித்துக்கொண்டு அவர் வேறு என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள். சிறுமொழி இலக்கியத்தில் ஒரே ஆள்தான் பத்து எழுத்தாளர்களுக்கு வாசலாக இருப்பார். அடுத்து அந்த நூலை வெளியிட்ட சிறு பதிப்பகத்தின் முழுப் பட்டியல். அதற்கடுத்து நூலாசிரியர் நன்றியுரையில் சொல்லும் சிற்றிதழ்கள்.

எதில் தொடங்குவது? காவியத்தில் தொடங்காதீர்கள். 'நம்ம பெருமை' என்று முதலில் காவியத்தைத் தூக்கி, இருபதாவது பக்கத்தில் வைத்துவிட்டவர்கள் ஏராளம். சிறுகதையும் தன்வரலாறும்தான் நுழைய வசதி. தன்வரலாற்றில் சாப்பாடு, சண்டை, வசவு, கல்யாணப் பேச்சு எல்லாம் வரும். நாட்டார் கதையில் புரியாமல் போன உறவுச் சிக்கல்கள் அங்கேதான் விளங்கும்.

மூலமொழி படிக்கத் தெரியாதவர்கள் இருமொழிப் பதிப்புகளைத் தேடலாம். மொழியை இப்போதுதான் கற்கிறீர்கள் என்றால், பிரதம் புக்சின் ஸ்டோரிவீவர், ஆப்பிரிக்க மொழிகளுக்கான ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் போன்ற திறந்த உரிமத் தளங்களில் சிறுவர் நூல்கள் உண்டு. வயது வந்தவர் படிக்க வெட்கப்பட வேண்டியதில்லை. அவற்றில் பெரும்பாலானவை புதிதாக எழுதியவை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

8. பெரியவர்களிடம் திரும்பப் போவது

'நாட்டுப்புறக் கதை தெரியுமா?' என்று கேட்டால் தெரியாது என்றுதான் பதில் வரும். அது புத்தகச் சொல். அவர்களுக்கு அது கதையே அல்ல, பேச்சு. 'பிள்ளைகளை எப்படித் தூங்க வைப்பீங்க?', 'எந்த மரத்துப் பக்கம் போகக் கூடாதுன்னு சொன்னாங்க?', 'வேலை செய்யும்போது என்ன பாடுவாங்க?' என்று கேளுங்கள். விடுகதை ஒன்றைப் போட்டுப் பாருங்கள், பதிலுக்கு இரண்டு வரும்.

எல்லாவற்றையும் விட வேலை செய்யும் தந்திரம் ஒன்று உண்டு. கதையைத் தப்பாகச் சொல்லுங்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று வடிவங்களைப் படித்திருப்பதால் உங்களுக்கு இது சுலபம். 'தெரியாது' என்று கையை விரித்தவர்கள்கூடத் தப்பைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்கள்.

பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். பதிந்ததை யாருக்குக் கேட்கக் கொடுக்கலாம் என்றும் கேளுங்கள். சில சமூகங்களில் சில கதைகளுக்குக் காலக்கட்டுப்பாடு உண்டு. வட அமெரிக்கப் பழங்குடிகள் பலர் குறிப்பிட்ட கதைகளைக் குளிர்காலத்தில் மட்டுமே சொல்வார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடம் ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கு மட்டும் என்று வரையறுத்தவை உண்டு. 'இதை வெளியே சொல்லாதே' என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

கைபேசிப் பதிவு போதும். மின்விசிறியை நிறுத்துங்கள், தொலைக்காட்சியை அணையுங்கள், கைபேசியை அவர் வாய்க்கு ஒரு முழத் தூரத்தில் துணிமேல் வையுங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயரை நீங்களே சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் தொலைந்தாலும் குரல் சொல்லும். எழுத்தில் இறக்கும்போது கொச்சையைத் திருத்தாதீர்கள், இருமலையும் சிரிப்பையும்கூட அடைப்புக்குள் குறியுங்கள். மூன்று பிரதி, மூன்று வெவ்வேறு இடத்தில்.

வெளியிட நினைத்தால் ஒன்று. கதை யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் ஒருவர் தொகுத்து எழுதிய வாசகத்துக்கு உரிமை உண்டு. இந்தியாவில் அது ஆசிரியர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும், பல ஐரோப்பிய நாடுகளில் 70 ஆண்டு. நீங்கள் கேட்டு எழுதியதில், சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரை முதலில் போடுங்கள்.

அந்தத் தப்புத் தந்திரத்தை நான் என் அத்தையிடம்தான் முதலில் போட்டுப் பார்த்தேன். கதையே தெரியாது என்று இரண்டு முறை சொன்னவர். சைல்டின் பாட்டிலிருந்து எடுத்து, 'அக்கா தங்கச்சியைத் தள்ளிவிட்டுட்டா, அப்புறம் அவ செடியா முளைச்சா' என்று ஆரம்பித்தேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

"அக்காவா? யாரு உனக்குச் சொன்னா? கூடப்பொறந்தவ செய்வாளா? அண்ணிடா அவ. அண்ணன் ஊர்ல இல்லாத நேரத்துல..."

பதிவு 23 நிமிடம் ஓடுகிறது. நடுவில் ஒரு பாட்டும் இருக்கிறது. அதில் ஒரு சொல்லுக்கு அத்தைக்கே பொருள் தெரியவில்லை. அதை முதல் தாளில், பழைய துணுக்குக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறேன்.